முதலில் சோதனைக் குழாய், அப்புறம் கரும்பலகை

ஊட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். உலோகமும் அமிலமும் சேரும் வினையைச் சமன் செய்யச் சொன்னால், அதாவது ஒவ்வொரு வகை அணுவும் இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் வரும்படி எழுதச் சொன்னால், பிள்ளைகள் முதலில் கை வைப்பது வாய்பாட்டில் கீழே இருக்கும் சின்ன எண்ணில்தான். துத்தநாகக் குளோரைடில் குளோரின் இரண்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒன்று. சரி, அந்த இரண்டை அழித்துவிட்டால் போச்சு என்று நினைக்கிறார்கள். அப்படி மாற்றினால் பொருளே மாறிவிடும். தண்ணீரில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டி எழுதினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. நாம் மாற்றக்கூடியது முன்னால் நிற்கும் எண்ணை மட்டுமே. அமிலத்துக்கு முன்னால் 2 போட்டால் துத்தநாகக் கணக்கு முடிந்தது.

அலுமினியம்தான் எனக்குப் பிடித்த பாடம். ஓர் அலுமினிய அணுவுக்கு மூன்று குளோரின் வேண்டும். ஆக அமிலமும் மூன்று. விடுபடும் ஹைட்ரஜன் அணுக்களும் மூன்று. ஆனால் ஹைட்ரஜன் வாயு இரண்டிரண்டு அணுக்களாகத்தான் வெளியேறும், ஒன்று மிஞ்சுகிறது. அதனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறோம்: 2 அலுமினியம், 6 அமிலம், அந்தப் பக்கம் 2 அலுமினியம் குளோரைடு, 3 ஹைட்ரஜன் மூலக்கூறு. எடையையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 54 கிராமும் 219 கிராமும் 273. 267-உம் 6-உம் அதே 273. அந்த இடத்தில் பிள்ளைகள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்!

குழாயில் அலுமினியத் தாளைப் போட்டதும் உடனே எதுவும் நடக்காது. மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை அமிலம் கரைத்த பிறகே குமிழி கிளம்பும். ஜனவரி உறைபனிக் காலையில் இன்னும் தாமதம். "சார், ஆசிட் கெட்டுப் போச்சு" என்பார்கள். காத்திருக்கச் சொல்வேன்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதே வெப்பநிலையில், 65 கிராம் துத்தநாகம் தரும் ஹைட்ரஜன் இங்கே சென்னையைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். எடை மட்டும் இரண்டு ஊரிலும் 2 கிராம்தான்.

முதலில் குழாயைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது தாமிரத்தால்தான். தாமிரத்தையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் தாளில் அழகாகச் சமன் செய்துவிடலாம். குழாயிலோ தாமிரம் போட்டது போட்டபடி கிடக்கும். அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் வீரியம் அதற்கு இல்லை. நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரையும், ஆனால் முக்கியமாக வருவது ஹைட்ரஜன் இல்லை, நைட்ரிக் ஆக்சைடு. அது காற்றுபட்டுப் பழுப்பு நச்சுப் புகையாகும் என்பதால் இதை மட்டும் கரும்பலகையோடு நிறுத்திக்கொள்கிறேன். 3 தாமிரத்துக்கு 8 அமிலம். அதில் 6 தாமிர நைட்ரேட்டுக்குள் போகிறது, மிச்சம் 2 வாயுவாகிறது. இப்படிப் பிரித்துக் காட்டினால் அந்த 8 எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் கேட்பதில்லை.