0.6 மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளிகள்

"தம்பி, பற்பொடி ஏன் பறபொடி ஆச்சு?"

தமிழ் வகுப்பெடுக்கும் தமிழம்மா போனில் கேட்டது இவ்வளவுதான். கோபம்கூட இல்லை. புணர்ச்சி இலக்கணம் நடத்திய பக்கத்தில் அவர் எழுதியது பல் + பொடி = பற்பொடி. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்நோட் குறிப்பேட்டுச் செயலிக்கு நாங்கள் எழுதிய ஆட்-இன் (துணைநிரல்) 'சுத்தம்' செய்தபிறகு அதில் இருந்தது பல + பொடி = பறபொடி. அண்ணா நகரில் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சின்னக் கோளாறும்மா, பாத்துடறேன்" என்று பதில் போனது. அந்தச் சொல்தான் இன்னும் உறுத்துகிறது. அது கோளாறே இல்லை. எழுதிய நிரல் எழுதியபடி வேலை செய்தது.

திரையில் பேனாவால் எழுதும்போது தெரியாமல் பட்டுவிடுகிற பொட்டுகளை நீக்குவதுதான் ஆட்-இன்னின் வேலை. ஒன்நோட்டில் பேனாவை 'வரைதல் மட்டும்' முறையில் வைத்திருந்தார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதுதான் வசதி. இல்லாவிட்டால் ஆங்கிலக் கையெழுத்தாக நினைத்துக்கொண்டு எழுத்தைத் தன் இஷ்டத்துக்குச் சொற்களாகப் பிரித்துவிடும். அந்த முறையில் வந்த பக்கங்களில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும், அதாவது பேனா வைத்து எடுக்கும் ஒவ்வொரு கோடும், இங்க்டிராயிங் என்ற தனிப் படமாகக் கிடந்தது. பக்கத்தைப் படிக்கும் கெட்பேஜ்கன்டென்ட் அழைப்பில் பைனரி தரவையும் கேட்டால், ஒவ்வொன்றின் ஐஎஸ்எஃப் தரவும் (பேனாக் கோட்டின் பதிவு) பேஸ்64 என்ற எழுத்து வடிவில் பக்கத்தின் எக்ஸ்எம்எல்லுக்குள்ளேயே வந்துவிடும். அதைத் திறந்து அகலம், உயரம், பாக்கெட் (பேனா அனுப்பும் ஒவ்வொரு மாதிரி) எண்ணிக்கை மூன்றையும் பார்த்து, சின்னதாக இருந்தால் டெலீட்பேஜ்கன்டென்ட் என்ற அழிக்கும் அழைப்பு. அவ்வளவுதான்.

அலகில் தடுமாறாதவர்கள் குறைவு. எக்ஸ்எம்எல்லில் இருப்பது பாயிண்ட், அங்குலத்துக்கு 72. ஐஎஸ்எஃப்பை மைக்ரோசாஃப்ட்.இங்க் என்ற நிரல் நூலகம் வழியாகத் திறந்தால் ஹைமெட்ரிக், அதாவது ஒரு அலகு 0.01 மி.மீ. அதையே டபிள்யூபிஎஃப் என்ற இன்னொரு நூலகத்தின் ஸ்ட்ரோக்கலெக்‌ஷனில் திறந்தால் அங்குலத்துக்கு 96. ஆக நாங்கள் வைத்த எல்லையான 0.6 மி.மீ. என்பது ஓரிடத்தில் 60, இன்னோரிடத்தில் 1.7, மூன்றாவது இடத்தில் 2.27. இந்தக் கணக்கில் தவறு எதுவும் இல்லை. அதனால்தான் மேலும் சங்கடம்: எல்லாவற்றையும் சரியாக அளந்து, சரியாக அழித்திருக்கிறது.

0.6 எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் கூட்டக் குறிப்புகளை வைத்துப் பார்த்த எண் அது. அதோடு 8 பாக்கெட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற இரண்டாவது நிபந்தனை. பேனா நொடிக்கு 100 மாதிரி அனுப்பினால், 50 மில்லிவினாடியில் தொட்டெடுத்த பொட்டுக்கு 5 பாக்கெட் வரும். இரண்டு நிபந்தனை வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் வேண்டுமென்றே வைத்த புள்ளியும் 50 மில்லிவினாடிதான். கை தவறிய பொட்டும் அதேதான். இரண்டு நிபந்தனையும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டன.

ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் தலைப்புள்ளி போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழில் புள்ளி போனால் எழுத்தே வேறு. பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் படித்தது இது.

தமிழிலும் சோதித்தோம், அதையும் சொல்ல வேண்டும். சோதனைப் பக்கங்கள் எழுதிய கை புள்ளியைக் குட்டி வட்டமாகச் சுழிக்கிற கை. அந்த வட்டம் 1 மி.மீ. தாண்டும், பாக்கெட்டும் 12, 15 என்று வரும். எல்லாம் தப்பித்தது. தமிழம்மாவும் வகுப்பு தொடங்கும்போது வட்டம்தான் போடுகிறார். முதல் இரண்டு பக்கங்களில் ஒரு புள்ளியும் போகவில்லை. வேகம் கூடக் கூட வட்டம் சுருங்கிப் பொட்டாகிறது. ஒரே பக்கத்தில் மேல்பாதி சரி, கீழ்பாதியில் மெய்யெல்லாம் உயிர்மெய். ஒரே ஒருவர் எழுதிய பக்கத்தை வைத்துச் சோதித்ததைத் தமிழில் சோதித்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று இப்போது கேட்டால், பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆய்தம் இன்னும் மோசம். மூன்று பொட்டு, மூன்றும் அளவுக்குள். 'எஃகு' 'எகு' ஆனது கண்ணில் பட்டது. 'அஃது' 'அது' ஆனதைப் பல நாள் யாரும் பார்க்கவே இல்லை, அதுவும் சரியான சொல்தானே.

அழித்ததைத் திரும்ப எடுப்பது தனிப் பாடு. ஒன்நோட்டின் மறுசுழற்சித் தொட்டியில் பக்கமும் பிரிவும் போய் விழும். பக்கத்துக்குள் அழித்த ஒற்றை ஸ்ட்ரோக் விழாது. பக்கத்தின் பழைய பதிப்புகளைத் தேடிச் சிலவற்றை மீட்டோம். எழுதிய கையோடு சுத்தம் செய்த பக்கங்களுக்கு அதுவும் இல்லை. அழிக்கும் அழைப்பில் 'கடைசியாகத் திருத்திய நேரம்' என்று ஒரு அளபுரு உண்டு. நேரம் பொருந்தாவிட்டால் அழிக்காது, 0x80042010 என்று பிழை வரும். முதல் பொட்டை அழித்தவுடனே பக்கத்தின் நேரம் மாறிவிடுவதால், கையிலிருக்கும் பழைய நேரத்தோடு போனால் இரண்டாவது அழைப்பே தோற்கும். ஒவ்வொரு முறையும் புதிய நேரத்தைக் கேட்டு வாங்குவதுதான் முறை. நேரத்தையே கொடுக்காமல் விடுவது சுலபம். நாங்கள் விட்டோம். புள்ளி போனதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம்; ஆனால் அந்தப் பிழை தடுக்கி விழ வைத்திருந்தால், நகல் எடுக்காமல் மூலப் பக்கத்திலேயே கை வைக்கிறோமே என்று யாராவது ஒருவர் யோசித்திருப்போம்.

மீட்டுக் கொடுக்கப் போனபோது, ஓலைச்சுவடியில் புள்ளியே இல்லாமல்தான் எழுதினார்கள், அதையும் படித்தார்களே என்று ஒரு வாதம் வாயில் வந்தது. சொல்லியும் ஆயிற்று. "அதைப் படிச்சு அச்சுக்குக் கொண்டுவர உ.வே.சா. வேண்டியிருந்ததே தம்பி. என் கிளாஸ்ல அவர் இல்லையே" என்றார். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்வதை அவர் எடுத்துக் காட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

திருத்தம் இடத்தை வைத்துத்தான் செய்ய முடியும். பொட்டின் மையத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும் தேட வேண்டும். அங்கே இருக்கும் ஸ்ட்ரோக்கின் அகலத்துக்குள், இருபுறமும் ஐந்தில் ஒரு பங்கு சலுகையோடு, பொட்டு விழுந்தால், இடைவெளி எழுத்தின் பாதி உயரத்துக்குள் இருந்தால், அது புள்ளி. மேல்நோக்கியும் தேடினால் மேல்வரியின் ழ, ஞ இவற்றின் வால் வந்து மாட்டும். எழுதிய வரிசையை நம்பக் கூடாது: வேகமாக எழுதுகிறவர்கள் சொல்லை முழுக்க முடித்துவிட்டு, பின்னால் வந்து வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். ஆய்தத்துக்குத் தனி விதி, மூன்று பொட்டு முக்கோணமாக, கிட்டத்தட்டச் சம இடைவெளியில். எதுவாக இருந்தாலும் அழிக்காமல் முதலில் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டி, சம்மதம் கேட்ட பிறகே அழிப்பது. பக்கம் முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு. அதை யாரும் விரும்பவில்லை.

இப்போது எதிர்த்திசையில் தப்பு நடக்கிறது. எழுத்தின் தலைக்கு மேல் தற்செயலாக விழுந்த பொட்டு புள்ளியாகத் தங்கிவிடுகிறது. 'பல' என்று எழுதியது 'பல்' என்று நிற்கிறது. முன்பு அதை அழித்திருக்கும். புள்ளி போவது பெரிய தப்பா, இல்லாத புள்ளி வருவது பெரிய தப்பா? இருப்பதை அழிப்பதைவிட எழுதியவர் கையில் விழுந்ததை விட்டுவைப்பது மேல் என்று முடிவெடுத்தோம். அப்படியானால் பொட்டு அழிக்க ஒரு ஆட்-இன் எதற்கு என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

புதிய பதிப்பைப் போட்டுக் கொடுத்தபோது தமிழம்மா எழுதிக்கொண்டிருந்த பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. மெய்யெழுத்துக்கெல்லாம் பெரிய பெரிய வட்டம், ஒவ்வொன்றிலும் பேனா நின்று சுழித்திருந்தது. பக்கம் முடிய முன்பைவிட நேரமாகிறது.

"இனிமே வட்டம் போட வேண்டியதில்லம்மா, பொட்டு வச்சாலே போதும்."

"பரவால்ல தம்பி. கை பழகிடுச்சு."