பெட்ரார்க்கிலிருந்து தொடங்காதீர்கள்

எம்.ஏ. வரலாற்றில் 'இத்தாலியில் மனிதநேயம் எப்படித் தோன்றியது?' என்ற கேள்விக்கு முதல் தடவை நான் அரைப் பக்கம் இரக்கம், சமத்துவம் என்று எழுதிவிட்டு வந்தேன். பதினைந்துக்கு நாலு மதிப்பெண். தமிழில் அந்தச் சொல் நம்மை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். அங்கே அது ஒரு படிப்பு. பழைய லத்தீன், கிரேக்க நூல்களைத் தேடி எடுத்து, அவற்றிலிருந்து இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறவியல் கற்பது. பதிலின் முதல் இரண்டு வரியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கைடில் 'மனிதநேயத்தின் தந்தை பெட்ரார்க்' என்று இந்த இத்தாலியக் கவிஞரைப் பற்றித் தடித்த எழுத்தில் இருக்கும். அவர் பிறந்ததே 1304இல்தான். அதற்கு முன்பே வட இத்தாலியின் பதுவா நகரில் லோவாத்தோ என்ற நீதிபதி பண்டைய ரோமானிய எழுத்தாளர் செனெகாவின் நாடகங்களை ஆழ்ந்து படித்து, பழைய ரோமானியர் வழியில் லத்தீன் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பின்பற்றிய அல்பெர்த்தினோ முசாத்தோ, பதுவாவை முன்பு ஆட்டிப்படைத்த எசெலினோ என்ற கொடுங்கோலனைப் பற்றி செனெகா பாணியில் ஒரு துன்பியல் நாடகம் எழுதினார். வெரோனாவின் ஆட்சியாளர் கான்கிராந்தே பதுவாவை வளைக்கப் பார்த்த காலம் அது. பழைய இலக்கியம் அன்றைய அரசியலுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1315இல் ஊரே கூடி முசாத்தோவுக்குக் கவிஞருக்கான லாரல் இலை முடி சூட்டியது. பெட்ரார்க்குக்கு ரோமில் சூட்டியது 1341இல். இரண்டு ஆண்டுகளையும் அடுத்தடுத்து எழுதினால் போதும், மனிதநேயம் பெட்ரார்க்குக்கு முன்பே தொடங்கிவிட்டது என்ற உங்கள் வாதம் உறுதியாக நிற்கும். லோவாத்தோ, முசாத்தோ இருவரும் மடத்துத் துறவிகள் அல்லர், சட்டத்திலும் ஆவணங்களிலும் தினமும் லத்தீனைப் புழங்கியவர்கள் என்பதைக் காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுகள் மனதில் நிற்கவில்லை என்றால் ஒவ்வோர் ஆண்டையும் ஒரு சுவடியோடு கட்டுங்கள். 1345, வெரோனா: பண்டைய ரோமானியப் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோ தன் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களைப் பெட்ரார்க் கண்டெடுக்கிறார். தான் வணங்கிய தத்துவ ஞானி அவற்றில் பயப்படுகிறார், சண்டை போடுகிறார், பக்கம் மாறுகிறார். மனம் பொறுக்காமல், இறந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலான சிசரோவுக்கே வருத்தத்தோடு ஒரு கடிதம் எழுதினார். அதன் மொழிபெயர்ப்பை ஓர் இரவு படித்தேன். 1345 அதன்பிறகு மறக்கவே இல்லை.

1354: கான்ஸ்டான்டிநோபிளைச் சேர்ந்தவர் அனுப்பிய கிரேக்க ஹோமர் சுவடி பெட்ரார்க் கையில். கிரேக்கம் படிக்கத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு பெருமூச்சு விடுவதாக அனுப்பியவருக்கே எழுதுகிறார். அந்த ஏக்கம் சில ஆண்டுகளில் வேலையாக மாறியது. பெட்ரார்க்கின் நண்பரான எழுத்தாளர் பொக்காசியோவின் முயற்சியால் லியோன்தியோ பிலாத்தோ புளோரன்சில் கிரேக்கம் கற்பித்தார், ஹோமரை லத்தீனில் பெயர்த்தார். பொக்காசியோ என்றதும் அவருடைய கதைத்தொகுப்பான 'டெக்கமரான்' மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். இந்த வேலையையும் ஒரு பத்தியாக எழுதுங்கள்.