தப்பு சார்!

"இன்னா வாத்தியாரே, ஒனக்குக் கூட்டல் வர்லியாமே?"

பள்ளிக்கூட வாசலில் கத்திரிக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓர் ஆயா என்னைக் கேட்ட கேள்வி இது. காலை ஒன்பதேகால். பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நிற்கிறார்கள். தலைமையாசிரியை என் பக்கத்திலேயே நிற்கிறார்.

"யார் ஆயா சொன்னது?"

"எம் பேத்திதான். தெனமும் வந்து சொல்லுது. நேத்து சார் கணக்கைத் தப்பாப் போட்டாரு, நாந்தான் திருத்தனேன்னு. முந்தாநாளும் தப்பாப் போட்டியாம், கண்ணாடி போட்ட பொண்ணு திருத்திச்சாம். நானும் ஒரு மாசமாக் கேட்டுக்கினு கீறேன், ஒரு நாளுகூட ஒனக்கு சரியா வர்லியே. சம்பளம் வாங்கற இல்ல, ராவுல வூட்டாண்ட கொஞ்சம் பாத்துக்கினு வரக்கூடாதா?"

தலைமையாசிரியை திடீரென்று கொடிக் கம்பத்தின் உச்சியை ஆராய ஆரம்பித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

ஆயா விடுகிற மாதிரி இல்லை. அங்கேயே பரீட்சை வைத்துவிட்டார். "கிலோ நாப்பது. ஒண்ணே கால் கிலோ எவ்ளோ?"

"அம்பது ஆயா."

"வருதே! அப்புறம் இன்னாத்துக்குப் புள்ளைங்க முன்னாடி தடுமார்ற? பயமா?"

பயம்தான் ஆயா. ஆனால் அது வேறு பயம்.

வேலூரிலிருந்து அணைக்கட்டு ஊருக்குப் போகிற ரோட்டை ஒட்டி உள்ளே தள்ளி இருக்கிற தொடக்கப் பள்ளி எங்களுடையது. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. மொத்தம் 31 பேர். வந்த புதிதில் ஒரு நாள், ஏதோ ஞாபகத்தில், 13-ஐ 7-ஆல் பெருக்கி 81 என்று போர்டில் எழுதிவிட்டேன். சத்தியமாகத் தெரியாமல் செய்ததுதான். சாயங்காலம் நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் முதல் நோட்டில் 81. சரி, பையன் கவனக்குறைவு என்று சுழித்தேன். அடுத்த நோட்டிலும் 81. மூன்றாவது நோட்டில் 81-க்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு வேறு போட்டிருந்தது. ஏழெட்டு நோட்டுக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் தப்பு 31 நோட்டிலும் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதில் பாதிப் பேருக்கு 13-ஆம் வாய்ப்பாடு தலைகீழாகத் தெரியும். மறுநாள் கேட்டால் அத்தனை பேரும் 91 என்றார்கள். "அப்புறம் ஏன்டா 81 எழுதினீங்க?" என்றேன்.

"நீங்க எழுதினீங்களே சார்."

அன்று வந்த பயம் அது. நான் போர்டில் என்ன எழுதினாலும் சட்டமாகிவிடும் என்றால் அது எனக்குக் கௌரவம்தான். ஆனால் அந்த மாதிரி 31 பேரை வளர்த்து ஊருக்குள் அனுப்பினால், நாளைக்குச் சீட்டுக் கம்பெனிக்காரன் நோட்டீஸில் எழுதுகிறதையும் அப்படியேதானே நம்புவார்கள்?

அதனால் ஒரு வேலை செய்தேன். பாடத்துக்கு ஒரு தப்பு, வேண்டுமென்றே. எங்கே வைப்பேன் என்று சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பவர் "தப்பு சார்!" என்று கத்த வேண்டும். கத்தினால் மட்டும் போதாது, எப்படித் தெரியும் என்று காரணமும் சொல்ல வேண்டும். பெல் அடிப்பதற்குள் தப்பு அழிந்து சரியானது போர்டில் இருக்க வேண்டும், இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம்.

முதலில் பரிசு சாக்லேட். இரண்டு வாரத்தில் என் பர்ஸ் மெலிந்ததோடு இன்னொரு வம்பும் வந்தது. சாக்லேட் ஆசையில் தப்பே இல்லாத இடத்தில் எல்லாம் தப்பு கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். "சார், உங்க சட்டையில ஒரு பட்டன் வேற கலரு, தப்பு சார்!" காரணமும் சரியாகத்தான் இருந்தது. கொடுத்தேன், என்ன செய்ய?

அப்புறம்தான் மணி ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளியின் மணி ஒரு தண்டவாளத் துண்டு. புங்க மரத்தில் கம்பியால் கட்டித் தொங்கும். அதை அடிக்க ஓர் இரும்புத் தடி. அந்தத் தடியைத் தொட்டுவிட மாட்டோமா என்று ஏங்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. தப்பைக் கண்டுபிடிப்பவருக்கு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் உரிமை என்று அறிவித்தேன். காசும் இல்லை, பல்லும் கெடாது. அதோடு வகுப்பில் கண்ணை மூடித் தூங்குகிற பழக்கமே ஒழிந்துபோனது.

ஒரே ஓர் எச்சரிக்கை, என்னை மாதிரி யாராவது செய்து பார்க்க நினைத்தால்: எழுத்துப்பிழையில் விளையாடாதீர்கள். ஒருமுறை 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பல்லிக்கூடம்' என்று எழுதி வைத்தேன். கண்ணாடிக்காரப் பெண் உடனே பிடித்துவிட்டாள், நானும் அழித்துவிட்டேன். ஆனால் ஒரு பையன் அன்றைக்கு எழுதியது எழுதியதுதான். ஒரு மாதம் பல்லிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. கேட்டால், "நம்ம ஸ்கூல்ல டியூப்லைட்டுக்குப் பின்னாடி நாலு கீது சார்" என்றான். எண்ணிப் பார்த்தேன். ஐந்து இருந்தது.

வருஷத்திலும் கணக்கிலும் கதை வேறு. ஜூலை 10 வந்தால் நான் வேலூர்க் கோட்டைக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. வெள்ளைக்காரர்கள் சிப்பாய்கள் மேல் புதுத் தலைப்பாகையைத் திணித்தது, நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்றது, சிப்பாய்கள் விடியற்காலையில் கோட்டையைப் பிடித்தது, திப்புவின் கொடி ஏறியது எல்லாம் சொல்லி, போர்டில் '1857, வேலூர்ப் புரட்சி' என்று எழுதினேன். ஆட்டோ ஓட்டுநர் மகன் எழுந்துவிட்டான். "தப்பு சார்! 1806. மக்கான்கிட்ட தூண் இருக்குது இல்ல, அது அதுக்குத்தான் கட்னதுன்னு எங்கப்பா காட்னாரு. 1857 அப்புறம்தான் சார், வடக்க. நம்முதுதான் ஃபர்ஸ்ட்டு." 51 வருஷம் முந்தியது என்று கழித்தும் சொன்னான். அவன் மணி அடித்த அன்று தண்டவாளம் அறுந்து விழாதது அதிசயம்.

அதே கதையில் கணக்கும் வைத்தேன். சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்கார அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்தார். தூரம் சுமார் 25 கிலோமீட்டர், குதிரை மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் எவ்வளவு நேரம்? ஒரு மணி 40 நிமிடம் என்று நானே விடையை எழுதினேன். இது நான் வைத்த தப்பு இல்லை, சரியான விடை. ஆனால் கடைசி வரிசையில் ஒருவன் கை தூக்கினான். அவன் தாத்தா மாட்டு வண்டி வைத்திருந்தவர்.

"தப்பு சார். தண்ணி காட்டாம எந்தக் குதிரை சார் வரும்? ரத்தினகிரியாண்ட அரை மணி சேத்துக்குங்க."

இரண்டு மணி 10 நிமிடம். அன்றைக்கும் மணியை அவன்தான் அடித்தான். புத்தகத்தில் எந்த விடை இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

நானே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்கிற பழைய கேலி தெரியும் அல்லவா? ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. என் அப்பா சொல்லிச் சொல்லி எனக்கு வாயில் ஊறிப்போனது. ஒரு நாள் பேச்சு வாக்கில் அதை அப்படியே எடுத்து விட்டேன். முடிப்பதற்குள் நாலைந்து கை எழுந்துவிட்டது.

"தப்பு சார், கோட்டைக் கோயில்ல சாமி கீது. போன வாரம்தான் கும்பிட்டு வந்தேன்."

ஆமாம், ஜலகண்டேஸ்வரரை மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்தது 1981-இல். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நான் காலிக் கோயிலையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஆத்துலயும் தண்ணி வந்துச்சு சார். எங்க மாமா வூட்டுக்குள்ள பூந்துச்சு." அதுவும் சரி. 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தை நானே பாலத்துக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்தவன்.

"மலையில மரம்?" என்றேன், மிச்சமாவது தேறுமா என்று.

"அது ரைட்டு சார். நாம நட்டுட்டு வந்த செடியை ஆடு தின்னுட்ச்சு."

ராஜா விஷயத்தில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. நாலுக்கு ரெண்டு சரி, சாருக்கு 50 மார்க் என்று தீர்ப்பானது. அன்று மணியை அடிக்க இரண்டு பேர் போட்டி. ஆளுக்குப் பாதிப் பாதி அடித்தார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிதான் ஜனவரி முதல் வாரத்தில் கவிழ்ந்தது. பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம். என் வகுப்புக்கு வந்து, நானே ஒரு கணக்குத் தருகிறேன் என்று சாக்பீஸை வாங்கினார். போர்டைச் சுத்தமாகத் துடைத்தார். மூலையில் தேதி எழுதினார். அவ்வளவுதான். கணக்கு எழுதக் கை ஓங்கியபோது அறையே இடிந்த மாதிரி ஒரு சத்தம்.

"தப்பு சார்!"

ஆயாவின் பேத்தி. எனக்கு அடிவயிறு கலங்கியது. சாக்பீஸ் அந்தரத்திலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லிகளைப் பார்த்தேன்.

"என்னம்மா தப்பு?"

"வருசம் மாறிடுச்சு சார். நீங்க போன வருசத்தைப் போட்டிருக்கீங்க. தோ, புதுக் காலண்டர் மாட்டியாச்சு பாருங்க."

ஜனவரியில் யார்தான் பழைய வருஷத்தை எழுதவில்லை? ஆனால் அதை அவளிடம் யார் சொல்வது? அவர் கொஞ்சம் சிவந்து, சமாளித்து, "வெரி குட்! நீங்க கவனிக்கிறீங்களான்னு சும்மா டெஸ்ட் பண்ணேன்" என்றார். உடனே முன்வரிசையில் ஒருவன் பக்கத்துப் பையன் காதில், ஆனால் அறைக்கே கேட்கும்படி, "நம்ம சாரும் இப்டித்தான் சொல்லுவாரு" என்றான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பேத்தி உட்காரவே இல்லை. "சார், மணி?" என்றாள். என்ன மணி என்று அவர் கேட்டார். தப்பு கண்டுபிடித்தால் மணி அடிக்கலாம் என்று 31 பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். எப்போது அடிக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் மனம் குளிர்ந்துபோய், "அவ்வளவுதானே? போய் அடிம்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் புங்க மரத்தடிக்குப் போய்விட்டாள். மணி அப்போது 11.10.

சாப்பாட்டு மணி என்றால் நிறுத்தாமல் அடிப்பது. அதிகாரியே அனுமதி கொடுத்த மணி என்பதால் இன்னும் நீளமாகவே அடித்தாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வெளியே வந்தன. வழக்கமாக வருகிற இரண்டு நாய்களும் வந்துவிட்டன. சத்துணவுக்கார அம்மா கரண்டியோடு வாசலுக்கு ஓடிவந்து, "ஐயோ, உலையே இப்பத்தான் கொதிக்குது, முட்டை ஒண்ணுகூட உரிக்கல!" என்று கத்தினார். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் எங்கள் தண்டவாளம்தான் கடிகாரம்.

தட்டோடு வந்த சின்னப் பிள்ளைகளைத் திரும்ப உள்ளே அனுப்ப அரைமணி நேரம் ஆனது. அதிகாரியும் ஒரு பக்கம் நின்று நாயை விரட்டினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். போகும்போது பதிவேட்டில் 'மாணவர்கள் மிகுந்த விழிப்புடன் உள்ளனர்' என்று எழுதினார். கீழே போட்ட தேதியில் வருஷத்தின் கடைசி எண் மட்டும் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது.

மறுநாள் முதல் இரும்புத் தடி தலைமையாசிரியையின் பீரோவுக்குள் போய்விட்டது. சாவி அவர் இடுப்பில். 12.40 மணிக்கு நான் போய் ஜெயித்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, கையெழுத்துப் போட்டுத் தடியை வாங்க வேண்டும்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஆயாவைப் பார்த்தேன். கூடை நிறைய முள்ளுக் கத்திரிக்காய். எங்கள் பக்கத்து இலவம்பாடிக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஆயாவின் குரலிலேயே ஒரு மிடுக்கு. காம்பில் முள் குத்தாமல் பொறுக்கத் தெரியாமல் நான் விரலைச் சப்பிக்கொண்டு நிற்க, அவரே எடுத்துப் போட்டார்.

"கிலோ அறுவது. ஒண்ணே கால் கிலோ கீது."

நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். ஒரு பத்தும் ஐந்து ரூபாய்க் காசும் கையில் வைத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு நாலடி நடந்திருப்பேன்.

"வாத்தியாரே! தப்பு!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. ஆயா இன்னொரு பத்து ரூபாயை விரலிடுக்கில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பேத்தி எல்லாம் சொல்லிச்சு. சரி, நாமளும் ஒண்ணு வெச்சுப் பாப்போம்னு வெச்சேன். நீ புடிக்கலியே."

வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்தேன்.

"போ போ. ஒனக்கு மணி கெடையாது."