சுவான்சோவின் கூரையில்லாப் பள்ளிவாசல்

சீனாவில் பள்ளிவாசல் என்றாலே வளைந்த ஓட்டுக்கூரையும் மரத்தூணும்தான் என்று நினைத்துப் போனால், சுவான்சோவின் சிங்ஜிங் பள்ளி தலையில் தட்டும். தூமென் தெருவில் முழுக்க முழுக்கக் கல்லால் நிற்கிறது. வாசல் மட்டும் 12 மீட்டருக்கு மேல். கூர்முனை வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். உச்சியில் ரமலான் பிறை பார்க்கும் தளம்.

சுற்றுலாக் குழுக்கள் செய்வதுதான் எரிச்சல். வாசலில் ஒரு செல்பி, உடனே பக்கத்து குவான்டி கோயில் கூட்டத்தில் ஐக்கியம். வளைவைத் தாண்டியதும் திரும்பி நின்று அண்ணாந்து பாருங்கள். உட்புறச் சுவரில் அரபுக் கல்வெட்டு இருக்கிறது: ஹிஜ்ரி 400இல் (1009) கட்டியது, ஹிஜ்ரி 710இல் (1310) ஈரானின் ஷிராஸ் நகரைச் சேர்ந்த அகமது பின் முகமது புதுப்பித்தது. அதில் உள்ள பெயர் அஸ்ஹாப் பள்ளி. சீனக் கல்வெட்டோ, சிங்ஜிங் பள்ளியை 1131இல் பாரசீகத் துறைமுகமான சிராஃபின் வணிகர் ஒருவர் கட்டியதாகச் சொல்கிறது. இரண்டும் வேறுவேறு பள்ளிகள், பெயர்தான் பின்னால் இடம் மாறியது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. 1009 என்று மட்டும் ஒப்பிக்கும் வழிகாட்டிக்குக் காசு தண்டம்.

உள்ளே நுழையும்போது இடப்பக்கம் தொழுகைக்கூடம். கூரை விழுந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. யாரும் திரும்பப் போடவில்லை. தரையில் தூண்களின் அடிக்கற்கள், தெருப்பக்கச் சுவரில் எட்டுப் பெரிய ஜன்னல்கள், மேற்குச் சுவரில் மக்காவின் திசை காட்டும் மிஹ்ராப் மாடமும் குர்ஆன் வசனங்களும். அந்த எழுத்துகள் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் புடைப்புத் தெளியும். மதியத்துக்குப் பிறகு வெறும் சாம்பல் சுவர். நிழலே கிடையாது, தொப்பி அவசியம். வெள்ளி நடுப்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1407இல் யொங்லே பேரரசர் முஸ்லிம்களுக்குக் கொடுத்த பாதுகாப்பு ஆணையின் கல்லையும் தேடிப் பாருங்கள்.

சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் வேண்டும். சுவான்சோ நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பேரம் பேசும் கார்களை நம்பாமல் நகரப் பேருந்தைப் பிடியுங்கள். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் கார்டை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். மெல்லிய சேமியாக் கஞ்சி மலிவு, அமிர்தம். ஆனால் பன்றிக்குடல் போடுவது வழக்கம், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நேரமிருந்தால் அதே ஊரின் கையுவான் கோயிலுக்கும் போகலாம். பிரதான மண்டபத்தின் பின்புறம் இரண்டு தூண்களில் கண்ணன் கதைகள் செதுக்கியிருக்கும்: இடிந்த சிவன் கோயில் ஒன்றின் மிச்சம், நம்மூர் வணிகர்கள் வந்துபோன தடயம்.