ஹோர்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் இரவை எங்கே கழிப்பது?

இலங்கையின் மலையகத்தில் தேசியப் பூங்காவாக உள்ள ஹோர்டன் சமவெளிக்கு அடுத்த மாதம் தாயாரையும் அழைத்துக்கொண்டு போகவிருக்கும் நண்பர் ஒருவர், நுவரெலியாவில் நல்ல விடுதி ஒன்றின் பெயரைச் சொல்லும்படி போன வாரம் என்னிடம் கேட்டார். உலக முடிவில் எத்தனை மணிக்கு நிற்க விரும்புகிறீர்கள் என்று நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன். அவருக்கு அது புதிராக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சமவெளிக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு இடங்களில் தங்கிப் போய்வந்த பிறகு, தங்குமிடத்தைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உலக முடிவு என்பது சமவெளியின் தெற்கு விளிம்பில் நிலம் செங்குத்தாக அறுந்து, எண்ணூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் விழும் இடம். வெயில் ஏறியதும் கீழேயுள்ள பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலெழுந்து, அந்தப் பாறைச் சுவரில் ஏறும்போது குளிர்ந்து முகிலாகிவிடுகிறது. பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் அந்த முகில் விளிம்பை மூடிவிடும். பூங்காவின் வாயில் திறப்பது ஆறு மணிக்கு. நடை தொடங்கும் இடத்திலிருந்து உலக முடிவுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில். வயதானவர் ஒருவர் உடன் வந்தால் அதற்கே ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஆகவே நம் கையில் இருப்பது மிஞ்சிப் போனால் இரண்டரை மணி நேரம்தான்; முந்தைய இரவில் எங்கே படுத்தோம் என்பதைப் பொறுத்தே அது கிடைப்பதும் கிடைக்காமல் போவதும்.

முதல் முறை நாங்கள் நுவரெலியாவில் தங்கினோம். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வாயிலுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். வளைவுப் பாதை என்பதால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. விடுதிக்காரர் நாலரைக்கு வருவதாகச் சொன்ன வான் ஆறு மணிக்கு வந்தது. வாயிலில் வாகனங்கள் வரிசையாக நின்றன. உலக முடிவை நாங்கள் அடைந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. வெள்ளைத் துணியொன்றைக் கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டதுபோல் முகில் நின்றது. அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு தூரம் நடந்து வந்த அம்மா, கல்லொன்றில் உட்கார்ந்து, “இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம் பிள்ளை, விலகினாலும் விலகும்” என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தார். விலகவில்லை. அந்த முக்கால் மணி நேரம் இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

நுவரெலியாவில் தங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கைக்குழந்தையுடன் போகிறவர்களுக்கும், வைத்தியசாலை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும், சைவச் சாப்பாட்டுக் கடை தேடுகிறவர்களுக்கும் அதுவே பொருத்தமான ஊர். ஏப்ரல் மாதத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வசந்தகாலக் கொண்டாட்டங்களுக்காக நாடே அங்கு திரளும் அந்த நாட்களில் அறை வாடகையும் நெரிசலும் தாங்க முடியாதவையாக இருக்கும். ஹப்புத்தளையும் அழகான ஊர்தான், ஆனால் விடியற்காலையில் ஒன்றரை மணி நேரப் பயணம் என்பதால் இந்த நோக்கத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் முறை ஓஹியாவில் தங்கினோம். மலையக ரயில் பாதையில் பட்டிப்பொலவுக்கு அடுத்த நிலையம் அது. அங்கிருந்து பூங்காவின் நடை தொடங்கும் இடத்துக்குப் பதினொரு கிலோமீட்டர் ஏற்றம். நிலையத்துக்கு மேலே, தோட்டத்தை ஒட்டிய சிறிய வீடொன்றில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார்கள். அறையில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை: இரண்டு கட்டில், ஒரு மேசை, ரயில் பாதையைப் பார்த்த ஒரு ஜன்னல். ஆனால் அந்த வீட்டு அக்காவுக்குப் பூங்காவைத் தெரியும். விடியற்காலை நாலரைக்குத் தேத்தண்ணீர் தந்தார். தேங்காய் ரொட்டியையும் கட்டைச் சம்பலையும் வாழையிலையில் சுற்றி, அதன்மேல் பழைய பத்திரிகைத் தாளை மடித்து, நூலால் கட்டித் தந்தார். “சீற்றில சுத்தினா கேட்டில பிடிச்சு எடுத்துடுவாங்க அம்மா” என்றார். உண்மைதான். வாயிலில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளை எல்லாம் அகற்றுகிறார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிள் உட்பட. வாகனத் தரிப்பிடத்துக்கு வரும் மரை மான்கள் உணவு மணக்கும் பொலித்தீனைத் தின்றுவிடுகின்றன என்பதால் அந்தச் சோதனை அவசியமானது. பத்து நிமிடம் தாமதமானாலும் அதைக் குறை சொல்லலாகாது. எங்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் மிச்சம். முச்சக்கர வண்டி ஐந்தேகாலுக்கு வாசலில் நின்றது. எட்டு மணிக்கு முன்பே அம்மா உலக முடிவில் நின்று, கீழே தீப்பெட்டி அளவில் தெரிந்த தோட்டத்து லயங்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

இனி ஈரம். குளிரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். ஈரத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்த உயரத்தில் மாதக்கணக்கில் மழையும் பனிப்புகாரும் மாறி மாறி வருவதால், ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் அறையின் மெத்தை நீரை உறிஞ்சி வைத்திருக்கும். கையால் தொட்டால் தெரியாது. கம்பளியை விலக்கி, சுவரோரமாக உள்ள மூலையில் உள்ளங்கையை வைத்து முழு எடையையும் கொடுத்து அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் அது ஈர மெத்தை. முகர்ந்தால் பழைய சாக்கின் வாடை வரும். அதில் படுத்தால் எத்தனை கம்பளி போர்த்தினாலும் முதுகு சூடேறாது, விடிந்ததும் முழங்கால் மடங்காது. ஆகவே படங்களில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுப்பதைவிட, முந்தின நாளும் அந்த அறையில் ஆள் இருந்தாரா, மெத்தையை வெயிலில் போடுவார்களா, சுடுதண்ணீர் எந்த வழியில் வருகிறது என்ற மூன்றையும் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்சாரம் தடைப்பட்டால் விறகடுப்பில் தண்ணீர் வைத்துத் தரும் வீடு, நட்சத்திர விடுதியைவிட மேலானது.

மூன்றாம் முறை பூங்காவுக்கு உள்ளேயே தங்கினோம். இந்த இடம் 1969இல் சரணாலயமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டு, 2010 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக இருப்பதால், 3,160 ஹெக்டேர் பரப்புக்குள் தனியார் விடுதி எதுவும் கிடையாது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்கள் மட்டுமே உண்டு. முன்பதிவு செய்துதான் போக வேண்டும், நீண்ட விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது அரிது. அரிசி, பருப்பு, மரக்கறி, படுக்கை விரிப்பு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். பங்களாப் பொறுப்பாளர் சமைத்துத் தருவார். நுழைவுக் கட்டணம் தனி.

வசதி என்று பார்த்தால் மூன்றிலும் குறைந்தது இதுதான். ஆனாலும் நடக்கக்கூடியவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அங்கே ஓர் இரவைக் கழிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மாலையில் கடைசி வாகனமும் போன பிறகு, மஞ்சள் புல்வெளி மெல்லச் சாம்பல் நிறமாகி, மரைகள் ஒவ்வொன்றாகக் காட்டோரத்திலிருந்து வெளியே வந்தன. இரவு ஒரு முறை அவற்றின் எச்சரிக்கைக் குரல் கேட்டது, வெண்கலப் பாத்திரத்தில் தட்டியதுபோல் குட்டையாக. சிறுத்தை நடமாடியிருக்கலாம் என்றார் பொறுப்பாளர். மாசி மாதம் அது. விடியும்போது புல்நுனிகளில் உறைபனி படிந்திருந்தது. செருப்புக்கடியில் அது நொறுங்கிய ஓசை, அயலில் வேறு சத்தமே இல்லாததால், நன்றாகக் கேட்டது. அம்மா அந்த முறை வரவில்லை. இருட்டில் வழுக்கும் படிகளும், வைத்தியசாலை இருக்கும் தூரமும் அவருக்கு ஏற்றவை அல்ல என்று நானே வேண்டாம் என்றேன்.

நண்பருக்கு ஓஹியா வீட்டின் தொலைபேசி எண்ணை அனுப்பிவிட்டேன். சனி, ஞாயிறு, போயா எனப்படும் முழுநிலா விடுமுறை நாட்களை விட்டுவிட்டு வார நடுவில் இரண்டு இரவுகள் எடுக்கும்படியும், முதல் காலை முகில் மூடினால் இரண்டாவது காலை கையில் இருக்கும் என்றும் எழுதினேன். தாயாருக்கு மூன்றாவது கம்பளியொன்று வேண்டும் என்பதை மட்டும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடச் சொன்னேன். அந்த அக்கா அதை அடுப்படியில் காயவைத்து எடுத்துத் தருவார்.