நலவாழ்வுத் துறை மாணவர்களுக்கு எழுத்துப் பாடம் எடுக்கப் போகிறீர்களா?

நான் மொழித் துறையிலிருந்து வந்தவன். நர்சிங், பார்மசி, பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களுக்கு எழுத்துப் பாடம் எடுக்கச் சொன்னபோது, எனக்குத் தெரிந்ததையே எடுத்துக்கொண்டு போனேன். கட்டுரை அமைப்பு, மேற்கோள் காட்டும் முறை, வாக்கியப் பிழை என்று முதல் பருவம் முழுக்கப் போய்விட்டது. கடைசி வாரத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், நைட் ஷிப்ட் முடிஞ்சு நோயாளியை அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்கும்போது என்ன எழுதணும்னு எப்போ சொல்லித் தருவீங்க?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த பருவத்துப் பாடத்திட்டத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் எழுதத் தொடங்கினேன்.

கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர் மதிப்பெண் போடுவார், அவ்வளவுதான். ஒப்படைப்புக் குறிப்பைப் படிப்பவர் அதை நம்பி ஊசி போடுவார். இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே மாணவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நான் இன்சுலின் அளவைப் பயன்படுத்துகிறேன். பத்து யூனிட் என்பதை எண்ணில் 10 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கில 'யு' எழுத்தைச் சற்று வேகமாகக் கிறுக்குவேன். பின்வரிசையில் இருப்பவர்கள் 100 என்று வாசிப்பார்கள். 1.0 என்று எழுதினால் புள்ளி மறைந்து 10 ஆகும்; .5 என்று எழுதினால் 5 ஆகும். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் 'பயன்படுத்தக் கூடாதவை' என்று ஒரு பட்டியலே போட்டது. இவை மூன்றும் அதில் உண்டு. பிழையை அவர்களே வாசித்துக் காட்டிய பிறகு, தெளிவாக எழுதுவது ஏன் முக்கியம் என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒப்படைப்புக் குறிப்பு. எஸ்பார் என்ற முறையை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள்: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்ததை, கெய்சர் பர்மனென்ட்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனத்தில் மருத்துவத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள். முதல் மூன்று பகுதிகளை மாணவர்கள் ஓரளவு எழுதிவிடுவார்கள். நான்காவதில் தயங்குவார்கள். தன்னைவிடப் பெரியவருக்கு 'இதைச் செய்யுங்கள்' என்று எழுதக் கை வராது. அங்கேதான் 'மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்ற வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் தெரிவித்தார், எத்தனை மணிக்கு, எந்த மருத்துவருக்கு, அவர் என்ன சொன்னார்? எதுவுமே அதில் இல்லை. '-ப்பட்டது' என்று முடியும் வாக்கியங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, செய்தவரை உள்ளே கொண்டுவரச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு வகுப்புகள் தாராளமாகச் செலவிடலாம்.

நோயாளியைப் பற்றி எழுதும் சொற்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். 'ஒத்துழைக்காத நோயாளி' என்று ஒருவர் எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் அந்தக் கண்ணோடுதான் அவரைப் பார்ப்பார். 'இரண்டு நாளாக மாத்திரை போடவில்லை. தலைசுற்றல் வந்ததால் நிறுத்தியதாகச் சொல்கிறார்' என்று எழுதினால் மரியாதையும் இருக்கிறது, சிகிச்சைக்கு வேண்டிய தகவலும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, வீட்டுக்குப் போகும் நோயாளிக்கான ஒரு பக்கக் குறிப்பு. எழுதியதை மருத்துவம் தெரியாத ஒருவரிடம் கொடுக்க வேண்டும். விளக்கக் கூடாது. 'இதைப் படித்துவிட்டு என்ன செய்வீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதி வர வேண்டும். மருத்துவமனைகளில் இதை டீச்-பேக் என்பார்கள். 'உணவுக்கு முன் உட்கொள்ளவும்' என்று எழுதிய மாணவனிடம், "எவ்வளவு நேரம் முன்னாடி? நான் காலையில் சாப்பிடவே மாட்டேனே?" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் பிரதிக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அந்தக் கேள்விகளுக்குப் பிறகு எது மாறியது என்பதற்குத்தான். வாசிப்பு எளிமையை அளக்கும் ஸ்மாக் போன்ற சூத்திரங்களை இதற்கு நம்ப வேண்டாம். அவை ஆங்கிலச் சொல்லின் அசைகளை எண்ணுபவை. சொல்லோடு சொல் ஒட்டி நீளும் தமிழில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

உண்மையான நோயாளிகளின் குறிப்புகளை வகுப்புக்குக் கொண்டுவரக் கூடாது என்று முதல் நாளே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பெயரை அடித்தால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வயது, ஊர், அரிதான நோய் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். கற்பனை நோயாளிகளை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு மருத்துவப் பின்னணி இல்லையென்றால் தனியாகத் திருத்தாதீர்கள். நடை அழகாக இருந்த ஒரு தாளுக்கு நான் நல்ல மதிப்பெண் போட்டிருந்தேன். வார்டில் வேலை பார்க்கும் தோழி ஒருவர் தற்செயலாக அதைப் புரட்டியபோதுதான், மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் கிராம் இருந்தது தெரிந்தது. அந்த மாணவனைக் கூப்பிட்டு, தவறவிட்டது நான்தான் என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது எல்லாத் தாள்களையும் இருவர் படிக்கிறோம்; அளவுகளை அவர் முதலில் பார்த்த பிறகே என் பேனா தாளைத் தொடுகிறது.