தெற்கே தாழ்ந்த வானம்: லக்காய் பட்டியலோடு ஒரு வருடம்

ஆறு இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கி வாங்குகிற எல்லோரும் முதலில் கையில் எடுப்பது மெஸ்ஸியே பட்டியலைத்தான்; மங்கலாகத் தெரிகிற நட்சத்திரக் கொத்துகள், வாயுத்திரள்கள், கேலக்ஸிகளின் பட்டியல் அது. நானும் அப்படித்தான் தொடங்கினேன், பெரும்பாலானதைப் பார்த்தும் முடித்தேன். அந்தப் பட்டியலில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சார்ல் மெஸ்ஸியே பாரிஸில் இருந்து பார்த்தவர். 49 டிகிரி வடக்கில் இருந்தவருக்கு எட்டிய வானம்தான் அவர் பட்டியல். அதன் தென்கோடி எம்7, அதாவது பட்டியலின் ஏழாம் எண், விருச்சிகத்தின் வாலுக்குப் பக்கத்தில், மைனஸ் 35 டிகிரியில் (வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 35) இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமையோ எட்டரை டிகிரி வடக்கு. எம்7க்கும் தெற்கே இன்னும் ஏறத்தாழ 45 டிகிரி வானம் நமக்குப் பாக்கி இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகங்களில் பாதி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அதனால் 2025 தையில் பட்டியலை மாற்றினேன். நிக்கோலா லூயி தெ லக்காய் என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1751இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குப் போய், இரண்டு வருடத்தில் பத்தாயிரம் நட்சத்திரங்களுக்குக் கொஞ்சம் குறைவாக அளந்து குறித்தவர். அந்த வேலையின் நடுவே மங்கலாகத் தெரிந்தவற்றைத் தனியே எழுதி வைத்து, 42 பொருள்கள் கொண்ட பட்டியலாக 1755இல் வெளியிட்டார். வகைக்குப் பதினான்காக மூன்று வகை. அவர் பயன்படுத்திய தொலைநோக்கியின் வாய் அரை இன்ச், உருப்பெருக்கம் எட்டு மடங்கு. என் 150 மில்லிமீட்டர் கண்ணாடி அதைவிட நூறு மடங்குக்கும் மேல் ஒளி சேர்க்கும். அவருக்கு அந்தப் பொருள்கள் தலைக்கு மேலே இருந்தன, எனக்கு அடிவானத்தில் கிடக்கின்றன. கணக்கு ஓரளவு சரியாகிவிடுகிறது.

இடம் பெரியம்மா வீடு. உவரிக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே கடலோரத்து ஊர். கரை அங்கே தென்மேற்காகச் சாய்ந்து ஓடுவதால் நேர் தெற்கே பார்த்தால் கடல்தான். ஊரும் கிடையாது, தெருவிளக்கும் கிடையாது. அவ்வப்போது படகு விளக்கு ஒன்றிரண்டு நகரும். மேற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்சிமிட்டுகின்றன, அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தொல்லை இல்லை.

அடிவானத்தைப் பார்ப்பதில் இருக்கிற சிரமம் மொட்டை மாடியில் ஏறிய பிறகுதான் புரியும். டாப்சோனியன் குழாய் பத்து டிகிரிக்குச் சாய்ந்தால் கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும், குழாயின் வாய் கைப்பிடிச் சுவரை முறைத்துக்கொண்டிருக்கும். இரண்டு வரிசை ஹாலோபிளாக் கல் அடுக்கி அதன்மேல் அடித்தட்டை வைத்தேன். சுவர் விலகியது, நானும் ஒரு முக்காலியில் நிமிர்ந்து உட்கார முடிந்தது. கல்லுக்கும் தட்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு, அதிர்வு தாங்க.

முதல் குறி டாரண்டுலா நெபுலா என்ற ஒளிரும் வாயுத்திரள். பெரிய மெகல்லன் மேகத்துக்குள் இருப்பது, அதாவது வேறொரு கேலக்ஸியில். தை அமாவாசையை ஒட்டி இரவு ஒன்பதரை மணி வாக்கில் அது தெற்கில் உச்சத்துக்கு வரும். உச்சம் என்றால் பன்னிரண்டரை டிகிரி. கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே. அகத்திய நட்சத்திரத்தைப் பிடித்து அங்கிருந்து கீழே இறங்கினேன். வெறும் 25 மி.மீ. ஐபீஸில் சாம்பல் கறை ஒன்று, அவ்வளவுதான். நெபுலாவின் ஒளியை விட்டு மற்றதைப் பெரும்பாலும் தடுக்கிற யுஎச்சி ஃபில்டரைத் திருகியதும் பின்னணி கறுத்து, கறைக்குள் ஒரு வளையம் போல ஏதோ பிரிந்து வந்தது. கண்ணை நேரே வைத்தால் மறைகிறது, ஓரப் பார்வையில் திரும்பி வருகிறது. குறிப்பேட்டில் ‘உண்டு, சந்தேகமில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். மேகத்தையே வெறுங்கண்ணால் பார்த்தேனா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். கடல்மேல் ஆவி மூட்டம் இருந்தது.

பங்குனியில் கரீனா என்ற தென்வான விண்மீன் கூட்டம். இந்த வருடத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது இங்கேதான், இன்னும் பத்து வருடம் பார்த்தாலும் அலுக்காது என்று தோன்றுகிறது. பத்து மணிக்கு மேல் இருபத்திரண்டு டிகிரி உயரத்தில் நிற்கிறது. 48 மடங்கு உருப்பெருக்கத்தில், ஒரு டிகிரிக்குச் சற்று அதிகமான வட்டத்துக்குள், ஈட்டா கரீனா நெபுலா அடங்க மாட்டேன் என்கிறது. ஒளித் திட்டு ஒன்று, அதைக் குறுக்கே வெட்டி ஒரு கறுப்புப் பாதை, மறுபக்கம் இன்னொரு திட்டு. ஃபில்டர் இல்லாமலேயே இது தெரிகிறது என்பதுதான் ஆச்சரியம். சாவித்துளை எனப்படும் கருமையைத் தேடி 120 மடங்குக்குப் போனேன். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1830களில் இதே நன்னம்பிக்கை முனையிலிருந்து வரைந்த படத்தில் அது தெளிவாக இருக்கிறது. எனக்கு விளிம்பு மட்டும் பிடிபட்டது.

நடுவில் ஈட்டா கரீனா நட்சத்திரம். பக்கத்தில் இருப்பவை எல்லாம் ஊசிமுனையாக இருக்க, இது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கொஞ்சம் உப்பலாக இருக்கிறது. ஃபோகஸ் சரியில்லையோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்றவை கூர்மையாகவே இருந்தன. 1843இல் வெடித்துச் சிதறி, சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்துக்கு வந்துவிட்டு மங்கிய நட்சத்திரம் இது. அப்போது வீசியெறிந்த தூசிக்கூட்டைத்தான் நாம் அந்த உப்பலாகப் பார்க்கிறோம். 7500 ஒளியாண்டு தூரத்தில் நடந்த ஒரு வெடிப்பின் குப்பையை ஆறு இன்ச்சில் வடிவமாகப் பார்ப்பதற்கு வேறு எங்கே போவது?

அங்கிருந்து குழாயை லேசாகக் கிழக்கே தள்ளினால் என்ஜிசி 3532. லக்காய் கண்டுபிடித்த நட்சத்திரக் கொத்து; என்ஜிசி, ஐசி என்பவை பிற்காலப் பட்டியல்களின் பெயர். ஹப்பிள் விண்ணுக்குப் போய் 1990 மே மாதம் எடுத்த முதல் படம் இதன் ஒரு மூலைதான். வட்டம் நிறைய நட்சத்திரங்கள், விளிம்பு எது என்றே சொல்ல முடியவில்லை. கொஞ்சம் தெற்கே இருக்கிற ஐசி 2602 பெரிய கொத்து, தொலைநோக்கிக்குள் சிதறிப்போகிறது. அதற்கு பைனாகுலர்தான் சரி. தென்சிலுவைக்குப் பக்கத்திலுள்ள நகைப்பெட்டி என்ற கொத்து சின்னதாக இருந்தாலும் அழகு, நீல நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே ஒரு ஆரஞ்சு. ஆனால் எல்லோரும் புகழ்கிற அளவுக்கு எனக்கு மயக்கம் வரவில்லை. 3532தான் என் கட்சி.

ஒமேகா சென்டாரி என்ற உருண்டை நட்சத்திரக் கொத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சித்திரை நட்சத்திரமும் அதுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தெற்கு உச்சத்தைக் கடக்கின்றன. சித்திரை நேர் தெற்கில் நிற்கும்போது அங்கிருந்து செங்குத்தாக மூன்றரை முஷ்டி இறங்கினால் போதும். வெறுங்கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம் போலத் தெரியும், பழங்கால வானியலாளர் தாலமி அதை நட்சத்திரமாகத்தான் எழுதினார். 48 மடங்கில் பாதி வட்டத்தை நிறைத்து நிற்கிறது. 120க்குப் போனால் நடுமையம் வரை பொடிப்பொடியாகப் பிரிகிறது. பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

“என்னய்யா இது, கோலமாவ சிந்துன மாதிரி கெடக்கு?”

“அத்தனையும் நட்சத்திரம் பெரியம்மா. ஒரு கோடி இருக்கும்.”

“எண்ணுனவன் எவன்?” என்று கேட்டுவிட்டு, மறுபடி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

வைகாசியில் ஆல்ஃபா சென்டாரி. இது லக்காய் பட்டியலில் இல்லை, ஆனால் நம் கரையிலிருந்து பார்த்துவிட்டு இதை விட முடியாது. அது இரட்டை நட்சத்திரம் என்று முதலில் கண்டவர் ஜான் ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார்; கண்ட இடம் புதுச்சேரி, 1689 டிசம்பர். ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டதாம். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 80 வருடம் ஆகும். 2016 வாக்கில் 4 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் ஒன்று ஒரு ஆர்க் செகண்ட்) வரை நெருங்கி வந்து இப்போது விலகிக்கொண்டிருக்கின்றன, அதனால் ஆரம்பக்காரருக்கும் நல்ல காலம். 120 மடங்கில் மஞ்சளாக இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது, நடுவே சுத்தமான கறுப்பு. தாழ்வாக இருப்பதால் காற்று முப்பட்டகக் கண்ணாடி வேலையைச் செய்கிறது: ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் சிவப்பு ஓரம், எதிர்ப்பக்கம் நீலம். லென்ஸ் பழுது என்று நினைத்து ஐபீஸை மாற்ற வேண்டாம்.

47 டுக்கானே என்ற உருண்டை நட்சத்திரக் கொத்துதான் லக்காய் பட்டியலில் முதல் எண், கிடைக்கக் கஷ்டமானதும் அதுதான். மாலை வேளையில் அது வசதியாக வரும் மாதம் ஐப்பசி, கார்த்திகை. அப்போது வடகிழக்குப் பருவமழை. எனவே ஆடியில், விடியலுக்கு முன்னே பிடிக்க வேண்டும். மழை இல்லை, ஆனால் ஆடிக் காற்று. தேரிப் பக்கமிருந்து செம்மணலை வாரிக்கொண்டு வந்தது. மாடியை விட்டுவிட்டு வீட்டின் கிழக்குச் சுவர் மறைவில், கீழே முற்றத்து ஓரத்தில் வைத்தேன். ஆடி அமாவாசையை ஒட்டிய நாள், தர்ப்பணத்துக்குப் போகிறவர்களின் வண்டி ஒன்று விளக்கைப் போட்டபடி தெருவில் திரும்ப, இருட்டுக்குப் பழகிய கண் போயிற்று. மறுபடி இருபது நிமிடம்.

காத்திருந்த நேரத்தில் சனி. தலைக்கு மேலே, எழுபத்தைந்து டிகிரிக்கு மேல், காற்றின் தொந்தரவு மிகக் குறைவான இடத்தில். 2025 மார்ச் 23 அன்று வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியது. ஆடியிலும் அது கோளை ஊடுருவிய ஊசி போல மெலிந்துதான் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் சனியைக் காட்டிப் பேர் வாங்குகிற நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமான வருடம். எனக்கென்னவோ அதன் நிலா டைட்டானோடு சேர்த்துப் பார்க்கையில் இந்தக் கோலமும் பிடித்திருந்தது.

நாலரை மணிக்கு ஆக்கர்னார் நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் கீழே இறங்கி, 47 டுக்கானே. ஒன்பதரை டிகிரி. அவ்வளவு தாழ்வில் ஒளி ஆறு மடங்குக் காற்றைக் கடந்து வருகிறது. உருண்டையான பனி, நடுவில் பளிச்சென்ற கரு. நட்சத்திரமாகப் பிரியவில்லை, 120 மடங்கில் கொதித்தது. கிழக்கு வெளுக்கும் வரை பார்த்தேன்.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியின் அலுமினியப் பூச்சுக்கு அது எமன். வேலை முடிந்த கையோடு இரண்டு முனையிலும் மூடி, குழாய்க்குள் சிலிக்கா ஜெல் பை. கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. வாலை வடிநீரில் கழுவிச் சாய்த்து வைத்து உலரவிட வேண்டும்.

பட்டியலில் பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. எம்83, எம்55, என்ஜிசி 6397 எல்லாம் வழியில் வந்தவை, தனியே எழுத அதிகமில்லை. சில எண்களில் போய்ப் பார்த்தால் கொத்தே இல்லை, சும்மா பக்கத்துப் பக்கத்தில் தெரிகிற நாலைந்து நட்சத்திரங்கள். அரை இன்ச்சில் அவை லக்காய்க்கு நெபுலாவாகத் தெரிந்திருக்கின்றன. அவற்றையும் பார்த்ததாகவே டிக் அடிக்கிறேன். அடுத்தது மஸ்கா என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள என்ஜிசி 4833, பத்தரை டிகிரி உயரம், நள்ளிரவு. சித்திரை அமாவாசைக்கு வருகிறேன் என்று பெரியம்மாவிடம் சொல்லியாயிற்று. மாடித் தொட்டிக்கு மூடி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.